சபுராவுக்கு நான் போட்ட பதினான்கு

வளர்மதி தொலைபேசியில் அழைத்தபோது நான் காலை மாத்திரைகளைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

"மேடம், சபுராக்கா போயிட்டாங்க."

"எந்த சபுரா?" என்று கேட்டேன். எனக்கு ஒரே ஒரு சபுராவைத்தான் தெரியும். இருந்தும் அப்படிக் கேட்டேன்.

"நம்ம சபுராக்காதான் மேடம். காலைல தொழுதுட்டு அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்தாங்களாம். மக ஆயிஷா காப்பி கொண்டாந்து குடுக்குது, கை நீளல. சாயங்காலம் அசர் தொழுகைக்கு எடுத்துடுவாங்க. நான் நெடுங்காட்டுலேந்து கெளம்பிட்டேன், நீங்க வெயில்ல அலையாதீங்க."

மாத்திரைகளை விழுங்கினேன். தண்ணீர்க் குவளையைக் கழுவிக் கவிழ்த்தேன். அதன் பிறகே நாற்காலியில் உட்கார்ந்தேன். சபுராவுக்கு அறுபத்து நான்கு வயது. எனக்கு எழுபத்தாறு. வரிசையை மீறிப் போகும் பழக்கம் அவளுக்கு இருந்ததில்லை.

காரைக்காலில் பெட்டி ஃபேக்டரி என்று ஊர் சொன்ன நம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற மாதம் நீங்கள் எல்லோரும் கூடி அவளுக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினீர்கள். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ராகவன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார். "சபுராம்மா பதவிக்கு ஆசைப்பட்டதே இல்லை. இருந்த இடத்தில் நிறைவாக இருந்தவர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டக் கூடாது என்பதுகூட யாருக்கும் தோன்றவில்லை.

ராகவன் சொன்னது பொய். அவர் அறிந்து சொன்ன பொய் அல்ல. அவரவர் வசதிக்கு நம்பிக்கொண்ட பொய். அதற்கு நானும் தலையை அசைத்தேன். அந்த அசைப்பைத் திரும்பப் பெறுவதற்காகவே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சபுரா நம் தொழிற்சாலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கணவர் குவைத்திலிருந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு திரும்பியிருந்தார். அவளை எண்ணிக்கை மேசையில் போட்டார்கள். பசை ஒட்டி வரும் பெட்டிகளை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி அடுக்கும் வேலை. அந்த மேசையில் கைகள் ஓடினால் போதும், யாரும் கண்ணைத் திறந்து பார்ப்பதில்லை. நான் அப்போது நிர்வாகக் கண்காணிப்பாளராக இருந்தேன். அலுவலகமும் தரப் பரிசோதனையும் என் பொறுப்பு. ஒரு மழைக்காலக் காலையில் அவள் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், என் அறைக்குள் வந்தாள்.

"மேடம், இத கொஞ்சம் அமுக்கிப் பாருங்க."

"கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும்" என்றேன்.

திரும்பிப் போனாள். தட்டினாள். மறுபடி வந்தாள்.

"இப்ப அமுக்கிப் பாருங்க."

மடிப்பில் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். ஒன்றும் தெரியவில்லை.

"பசை புடிக்கல மேடம். வாடைக்காத்து அடிக்கிற நாள்ல அட்டை கடல் ஈரத்தக் குடிச்சுப்புடுது. வெயில் காலத்துப் பசையவே ஊத்துனா இப்படித்தான் பேருக்கு ஒட்டிக்கிட்டு நிக்கும். இதுல எறால அடுக்கி லாரில ஏத்துனா நடுரோட்டுல வாயப் பொளந்துடும்."

"உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. மூணு நாளா என் கைதான் சொல்லுது."

அன்று ஏற்ற வேண்டிய சரக்கை நிறுத்தினேன். பிரித்துப் பார்த்ததில் பாதிக் கட்டுகள் அவள் சொன்னபடியே இருந்தன. அடுத்த வாரம் அவளைத் தரப் பரிசோதனைக்கு மாற்றினேன். இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் அவளுக்குச் செய்த நல்லது இது ஒன்றுதான் என்பதால், முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

வியாழக்கிழமைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தரப் பரிசோதனைக்கு மேற்பார்வையாளர் ஆனதும் சபுரா ஒரு வழக்கத்தைத் தொடங்கினாள். வியாழக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் யாரும் தன் இடத்தில் நிற்கக் கூடாது. கம்பிப் பின் அடிப்பவள் பசைத் தொட்டிக்குப் போக வேண்டும், பசை கலக்குபவன் அச்சுக்குப் போக வேண்டும், எண்ணிக்கை மேசைப் பெண்கள் வேலைச் சீட்டைப் படித்து அளவு சொல்ல வேண்டும். முதல் வாரம் இரண்டு கட்டுப் பெட்டிகள் தலைகீழாக அச்சாகி வந்தன. அச்சுப் பிரிவுத் தலைவர் கூரை அதிரக் கத்தினார். "எல்லாரும் எல்லா வேலையும் கத்துக்கிட்டா அப்புறம் எனக்கு என்ன மரியாதை?" என்று கேட்டார்.

"நீங்க ஒரு நாள் லீவு போடலாமுல்ல சார்" என்றாள் சபுரா. "மூணு வருசமா உங்க வீட்டம்மா திருச்செந்தூர் போவணும்னு கேக்குறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் அந்த வருடம் திருச்செந்தூர் போய் வந்தார்.

இது எதற்கு என்று நான் ஒரு முறை கேட்டேன். வேலையில் குழப்பம் எனக்குப் பிடிக்காது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு வேலைய ஒருத்தர் மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தா அது பூட்டு மேடம். உள்ள இருக்கறவருக்கும் பூட்டுதான், வெளிய நிக்கறவருக்கும் பூட்டுதான்."

வளர்மதி அந்தப் பூட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள். நடவு வேலைக்குப் போகும் வீட்டுப் பெண். எட்டாம் வகுப்போடு வந்து எண்ணிக்கை மேசையில் நின்றாள். சபுரா அவளை அச்சில் நிற்க வைத்தாள், வேலைச் சீட்டு படிக்க வைத்தாள், தபால் வழியாகப் பத்தாவது எழுத வைத்தாள். சென்னைக்கு வெளியே பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், விண்ணப்பத்தைச் சபுராவே நிரப்பி என்னிடம் கையெழுத்துக்குக் கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை ஆண்டு பழக்கிய பெண்ணை யாரோ ஒருவனுக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்டேன்.

"பழக்குனதே போறதுக்குத்தானே மேடம்" என்றாள். "கத்துக்கிட்டவ போயிட்டாளேன்னு அழுவக் கூடாது. கத்துக்கிட்டும் இங்கயே கெடக்காளேன்னுதான் அழுவணும்."

கையெழுத்துப் போட்டேன். வளர்மதி அங்கே ஒரு ஷிஃப்டுக்குப் பொறுப்பாளராகி, ஓய்வு பெற்று, இப்போது ஊருக்குத் திரும்பியிருக்கிறாள். சபுரா சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்று சரியாகக் கேட்கவில்லை. அவள் வளர்மதியை மட்டும் மனத்தில் வைத்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நடந்தது விளங்காது.

நான் கன்னியர் பள்ளியில், பிரெஞ்சு வகுப்பில் படித்தவள். எங்களுக்கு எல்லாப் பாடத்துக்கும் இருபது மதிப்பெண். மாசேர் என்று நாங்கள் அழைத்த கன்னியர்கள் இருபது போட்டதை யாரும் பார்த்ததில்லை. பிழையே இல்லாத கட்டுரைக்குப் பதின்மூன்று வரும். பத்து என்றால் தேறியவள், பன்னிரண்டு என்றால் நல்ல மாணவி. பதினான்கு வாங்கியவளின் பெயரைக் காலைப் பிரார்த்தனையில் வாசிப்பார்கள். எனக்கு ஒரே ஒரு முறை பதினான்கு கிடைத்தது. அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். "இருபதைக் கடவுளுக்கு விட்டு வை, மனிதர்களுக்குப் பதினான்கே அதிகம்" என்பார் எங்கள் தலைமை மாசேர். அந்த அளவுகோலை நான் பள்ளியோடு விட்டுவிடவில்லை. சாம்பாருக்கும், மருமகளுக்கும், பாதிரியாரின் பிரசங்கத்துக்கும் மனதுக்குள் இருபதுக்குத்தான் போடுவேன். என் கணவருக்குத் திருமண நாள் ஒன்றில் பதின்மூன்று போட்டேன். அவரும் பிரெஞ்சு வகுப்பில் படித்தவர் என்பதால் மகிழ்ந்துபோனார்.

நம் தொழிற்சாலையைச் சென்னை நிறுவனம் வாங்கிய பிறகு ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் வந்தது. ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தன் கீழ் உள்ளவர்களுக்கு மதிப்பெண் போட்டு, உறையை ஒட்டி, தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. மொத்த மதிப்பெண் இருபது. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய வகுப்பறைக்குள் திரும்பப் போனது போல இருந்தது. பேனாவை எடுத்தேன். என் பிரிவில் சிலருக்குப் பத்து, சிலருக்குப் பதினொன்று. நல்ல உழைப்பாளி ஒருவருக்குப் பன்னிரண்டு.

சபுராவுக்குப் பதினான்கு போட்டேன்.

போட்டுவிட்டுச் சற்று நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் யாருக்கும் நான் அதற்கு மேல் போட்டதில்லை. அவளிடம் சொல்லவில்லை. மதிப்பீடு ரகசியம் என்று படிவத்தில் அச்சடித்திருந்தது. அச்சடித்ததை மீறுபவள் அல்ல நான்.

ஆண்டுதோறும் தலைமையகம் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதப் பயிற்சிக்கு அழைத்துக்கொள்ளும். பயிற்சி முடித்தவர் துணை மேலாளராகத் திரும்பி வருவார். முதல் ஆண்டு சபுரா விண்ணப்பித்தாள். வேறொருவரை அழைத்தார்கள். இரண்டாம் ஆண்டும் விண்ணப்பித்தாள். அந்த ஆண்டு சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்து ராகவனை அழைத்தார்கள். ராகவனுக்கு வேலைச் சீட்டில் நீளம் எது, அகலம் எது என்று கற்றுக்கொடுத்ததே சபுராதான். அதை அவரும் மறுக்க மாட்டார். பயிற்சி முடிந்து அவர் துணை மேலாளராக வந்த அன்று, எண்ணிக்கை மேசைப் பெண்கள் சபுராவைச் சீண்டினார்கள்.

"என்னக்கா, நேத்து வரைக்கும் 'டேய் ராகவா'ன்னீங்க. இனிமே சாரா?"

"சார்தான். ஆனா அகலத்த நீளம்னு எழுதுனா பழைய 'டேய்'தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். மற்றவர்கள் கலைந்த பிறகு அவள் ஒரு கட்டுப் பெட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். சரியாகக் கட்டியிருந்த கட்டு அது.

எனக்கு ஆத்திரம். முக்காடு போட்ட பெண் என்பதால் ஒதுக்குகிறார்கள், காரைக்கால்காரி என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று முடிவு கட்டினேன். தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், மூன்று பக்கம். ஒரே வரியில் பதில் வந்தது: பெறப்பட்ட மதிப்பீடுகளின் அடிப்படையில் முடிவு எடுக்கப்பட்டது. சாக்குச் சொல்கிறார்கள் என்று அதைக் கோப்பில் சொருகினேன்.

மூன்றாம் ஆண்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்று மாலை சபுரா என் அறைக் கதவைத் தட்டிவிட்டு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், எனக்கு என்ன கொறையிதுன்னு சொல்லுங்க. கத்துக்குறேன்."

"உனக்கு ஒன்றும் குறையவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள்" என்றேன்.

"அப்படி இல்ல மேடம். நான் வருத்தப்பட மாட்டேன். நீங்க சொல்லலாம்."

"சொன்னேனே சபுரா. போய் வேலையைப் பார்."

"சரிங்க மேடம்" என்று போனாள்.

அதற்குப் பிறகு அவள் மாலை வேளைகளில் கணினி வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். கல்லூரிப் பெண்களுக்கு நடுவே நாற்பதைத் தாண்டியவள் உட்கார்ந்து தட்டெழுதினாள். ஆங்கிலக் கடிதம் எழுதக் கற்றுக்கொள்ள, நெரவியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குச் சைக்கிளில் போனாள். ஒரு நாள் அவள் எழுதிய கடிதம் ஒன்றை என்னிடம் காட்டினாள். நான்கு பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "இந்த வயதில் உனக்கு இதெல்லாம் எதற்கு?" என்றும் கேட்டேன். "சும்மாதான் மேடம்" என்றாள். அடுத்த வாரம் அதே கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதி வந்தாள். "சரி" என்றேன். என் வாயில் சரி என்பது பெரிய சொல். அது எனக்கு மட்டுமே தெரிந்த பெரிய சொல்.

நான்காம் ஆண்டும் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு நான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெறும் வாரத்தில், கோப்புகளைப் பெற்றுக்கொள்ளத் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பணியாளர் பிரிவைச் சேர்ந்தவர், நல்ல மனிதர், நாற்பது வயதிருக்கும். வேலை முடிந்து காப்பி குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"மேடம், கேக்கக் கூடாதுதான். அந்தத் தரப் பரிசோதனை அம்மாவுக்கும் உங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

"யாருக்கு? சபுராவுக்கா?"

"ஆமா. வருஷா வருஷம் பதினாலு போட்டீங்களே. மத்த பிரிவுல தூங்குறவனுக்கே பதினெட்டு வருது. பதினாறுக்குக் கீழ இருக்கற படிவத்த நாங்க மேல படிக்கறதே இல்ல. நீங்க மூணு பக்கம் லெட்டர் எழுதினப்ப எங்களுக்குச் சிரிப்பா வந்துது. பிள்ளையக் கிள்ளிட்டு தொட்டில ஆட்டுறாங்கன்னு பேசிக்கிட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பியைக் குடித்து முடித்தேன். அவர் போன பிறகு நான் வைத்திருந்த நகல்களை எடுத்துப் பார்த்தேன். 14. 14. 14. 14. என் கையெழுத்து அழகானது. நான்கு பதினான்குகளும் அச்சுப் போல ஒன்றாக இருந்தன.

இங்கே நிறுத்திக்கொண்டால் இது ஒரு பழைய பள்ளிக்கூடத்துப் பழக்கம் செய்த தவறு என்று நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. இந்த ஊழியர் மேற்கொண்டு எந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்பது கேள்வி. நான்கு ஆண்டும் அதில் நான் எழுதியது ஒரே வரி: "இப்போதைய பொறுப்பில் மிகவும் தேவைப்படுகிறார்." இதை எந்த மாசேரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. சபுரா ஆறு மாதம் சென்னைக்குப் போய்விட்டால் யார் பெட்டியை அமுக்கிப் பார்ப்பார்கள், திரும்பி வந்தாலும் என் பிரிவுக்கா வரப்போகிறாள் என்ற பயத்தில் எழுதியது. அவள் வளர்மதியை அனுப்பினாள். நான் அவளை அனுப்பவில்லை. மதிப்பெண்ணை அறியாமல் போட்டேன். அந்த வரியை அறிந்தே எழுதினேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சபுராவுக்கு நாற்பத்தாறு வயது ஆகியிருந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களைப் பயிற்சிக்கு அழைப்பதில்லை என்பது விதி. இனிச் சொல்லி என்ன பயன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பயன் யாருக்கு என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகள் இருந்தன. ஒவ்வொரு நோன்பிலும் சபுராவின் வீட்டிலிருந்து எனக்குக் கஞ்சி வந்தது. எவர்சில்வர் தூக்கில், மேலே தனிக் கிண்ணத்தில் பருப்பு வடையோடு. என் கணவர் இறந்த ஆண்டும் வந்தது; அந்த ஆண்டு அவளே கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். தூக்கைக் கழுவித் துடைத்து, கிறிஸ்துமஸ் பலகாரம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். ஒவ்வொரு முறையும் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. தேவாலயத்தில், பாவசங்கீர்த்தனத் தொட்டியின் தடுப்புக்கு முன் முழங்காலிட்டு முகம் தெரியாத குருவானவரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், இரண்டு முறை. எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் சொல்லவில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்தவளிடம் தவறினேன் என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது, எதற்கு அவள் மனத்தைக் கலைப்பது என்றும் எண்ணிக்கொண்டேன்.

அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் இறந்த மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். பெண்கள் பாயில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். வளர்மதி என் அருகே தரையில் உட்கார்ந்தாள். கூட்டம் குறைந்த பிறகு சபுராவின் மகள் ஆயிஷா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு.

"உம்மா அலமாரில இருந்துச்சு மேடம். உங்க பேரு இருக்கு, அதான்."

முதல் பக்கத்தில் மேலே சபுராவின் உருண்டைக் கையெழுத்தில் ஒரு கழித்தல் கணக்கு. இருபதிலிருந்து பதினான்கு போனால் ஆறு. அதன் கீழே ஒரு வரிசை. கம்ப்யூட்டர். இங்கிலீஷ் கடிதம். ஸ்டாக் கணக்கு. மீட்டிங்கில் பேசுவது. கதவைத் தட்டிவிட்டுப் போவது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி. முடித்தாயிற்று என்ற குறி. கடைசி வரி: "எங்க கொறஞ்சேன்னு செலின் மேடத்துக்கிட்ட கேக்கணும்." அதன் பக்கத்தில் ஒரு குறி போட்டு, பிறகு அந்தக் குறியை அடித்திருந்தாள். அவள் கேட்டாள். நான்தான் பதில் சொல்லவில்லை.

"இது எப்போது எழுதியது?" என்றேன்.

"நான் பள்ளிக்கொடம் படிக்கையிலே. ஆபீஸ்ல யாரோ உம்மாகிட்ட மார்க்க சொல்லிட்டாங்களாம். மேடம் பதினாலுதான் போட்டுருக்காங்க, உன்ன அவங்களுக்குப் புடிக்கலன்னு. உம்மா நம்பல. மேடம் காரணம் இல்லாம கொறைக்க மாட்டாங்க, எங்கிட்டதான் ஏதோ கொறையிதுன்னு சொல்லும். கடைசி வரைக்கும் அப்படித்தான் சொல்லிச்சு."

நான் அவளுக்கு விளக்கினேன். கன்னியர் பள்ளியைப் பற்றி, பன்னிரண்டும் பதின்மூன்றும் என்ன என்பதைப் பற்றி, பதினான்கு என்றால் எங்கள் வீட்டில் மிட்டாய் கொடுத்ததைப் பற்றி. என் வாழ்நாளில் யாருக்கும் நான் போட்ட அதிகபட்ச மதிப்பெண் அது என்று சொன்னேன். கடைசிக் கட்டத்தில் எழுதிய வரியையும் சொன்னேன். ஆயிஷா தலையைக் குனிந்து கேட்டாள். மரியாதை தெரிந்த பெண். முடிந்த பிறகு சொன்னாள்:

"இத உம்மாகிட்ட சொல்லிருக்கலாமே மேடம். அது பக்கத்துத் தெருவுலதானே இருந்துச்சு."

வளர்மதி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நோட்டை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஆயிஷா அதை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். "இல்ல மேடம். உம்மா கையெழுத்து." கேட்டிருக்கக் கூடாது. இந்த வயதிலும் அவளிடமிருந்து எடுக்கவே என் கை நீண்டது.

ஆகவே ராகவன் அவர்களே, நண்பர்களே, சபுரா பதவிக்கு ஆசைப்பட்டாள். நான்கு முறை விண்ணப்பம் போட்டு ஆசைப்பட்டாள். சைக்கிள் மிதித்து ஆசைப்பட்டாள். இருந்த இடத்தில் நிறைவாக இருக்கவில்லை. இருந்த இடத்தில் இருத்தி வைக்கப்பட்டாள். நான் இருத்தி வைத்தேன். இளம் பிள்ளைகளுக்கு அவளிடமிருந்து பாடம் சொல்ல வேண்டுமானால் வியாழக்கிழமையைச் சொல்லுங்கள். உங்களில் இப்போது பிறருக்கு மதிப்பீடு எழுதும் இடத்தில் இருப்பவர்கள், எழுதியதை, உரியவரை எதிரே உட்கார வைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். ரகசியம் என்று அச்சடித்திருந்தாலும் சொல்லுங்கள். உங்களுக்கு மிகவும் தேவைப்படுகிறவள் யாரோ, அவளை முதலில் அனுப்புங்கள்.

இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அவர்களிடமிருந்து தங்களுக்குக் கிடைத்ததைச் சொல்லி முடிப்பார்கள். சபுராவின் நோட்டு அவள் மகளிடம் இருக்கிறது. அவள் பழக்கிய பெண்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். இந்த நோன்புக்கு வந்த தூக்கைக்கூட ஆயிஷாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவளுடையதாக என்னிடம் இருப்பது ஆறு மதிப்பெண்கள். அவை அவளிடம் குறைந்தவை அல்ல. நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டவை. இன்னும் என்னிடமே இருக்கின்றன.